மூத்தவனுக்கு அம்மை போட்டிருக்கிறது, எனக்கு ஐந்தாம் மாதம். என்ன செய்வது?

குருவிக்கூடு (கோபி பக்கம்) | காலை 6.10

எல்லோருக்கும் வணக்கம். இரவு முழுக்கத் தூக்கமில்லை. என் மகனுக்கு மூன்று வயது. முந்தாநாள் லேசான காய்ச்சல், சாப்பாட்டை ஒதுக்கினான். நேற்று மாலை குளிக்க வைக்கும்போது முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வயிறு, மார்பு, தலைமுடிக்குள் என்று பரவிவிட்டது. சில புள்ளிகள் நீர் கோத்து முத்து முத்தாக நிற்கின்றன. அத்தை (என் மாமியார்) பார்த்த உடனே கையெடுத்துக் கும்பிட்டு, வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்.

எனக்கு இப்போது 17 வாரம். எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று தெரியவில்லை. என் அம்மா உயிரோடு இல்லை, அப்பாவுக்கு நினைவில்லை. இடது கையில் அம்மை ஊசி போட்ட தழும்பு இருக்கிறது. அது போதுமா? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றும் வரை படி தாண்டக்கூடாது என்கிறார் அத்தை. கணவர் திருப்பூரில் வேலை, இன்று மாலைதான் வருவார்.

நெசவுக்காரி (சென்னிமலை) | காலை 6.25

முதலில் ஒரு வாய் ஏதாவது சாப்பிடுங்கள் தங்கை. வெறும் வயிற்றோடு பயந்துகொண்டிருந்தால் வாந்திதான் மிஞ்சும். விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

ஓய்வுச்செவிலி (தாராபுரம்) | காலை 6.50

கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நிதானமாகப் படியுங்கள் அம்மா.

நீங்கள் சொல்வது சின்னம்மை மாதிரித்தான் இருக்கிறது. ஒரே நேரத்தில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், காயத் தொடங்கியது என்று மூன்று நிலையும் கலந்து நின்றால் பெரும்பாலும் அதுதான். தட்டம்மை வேறு: கண் சிவந்து, மூக்கொழுகி, இருமி, முகத்தில் தொடங்கிப் படை படையாக இறங்கும், நீர் கோக்காது. அதற்கான தடுப்பூசி 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் உங்கள் மகனுக்குப் போட்டிருப்பார்கள். அட்டையைப் பாருங்கள்.

இப்போது உங்கள் தழும்பு. இடது மேற்கையில் சிறு குழியாக இருக்கிறதா? அது பிறந்த உடனே போடும் பிசிஜி, காசநோய்க்கானது. ஊரில் எல்லோரும் அதை அம்மை ஊசி என்றே சொல்கிறார்கள். உங்கள் அத்தை வயதுக்காரர்களுக்கு அம்மை குத்தியிருப்பார்கள், அது பெரியம்மைக்கு. இந்தியாவில் பெரியம்மை 1975-லேயே ஒழிந்துவிட்டது. இந்த இரண்டு தழும்பும் சின்னம்மையைத் தடுக்காது. ஆகவே தழும்பை நம்பி உட்காராதீர்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே சின்னம்மை வந்து போயிருந்தால் கவலைக்கு இடமே இல்லை. உங்கள் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் காவல். வந்ததா என்று தெரியாதபோது இரத்தத்தில் வாரிசெல்லா ஐஜிஜி என்ற ஒரு பரிசோதனை, அதாவது சின்னம்மைக்கான எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது. அது இருக்கிறது என்று வந்தால் முடிந்தது. இல்லை என்று வந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி உண்டு. தொற்று பட்ட நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடம்பில் அம்மை எழும்பிய பிறகு அது பயன்படாது. அதனால்தான் மூன்று தண்ணீர் வரை காத்திருக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று: மகப்பேறு மருத்துவரிடம் நேராகப் போய் மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காராதீர்கள். முதலில் போனில் சொல்லுங்கள். தனி அறையிலோ கடைசி ஆளாகவோ பார்ப்பார்கள். போன் கிடைக்கவில்லையென்றால் 104-ஐ அழைத்து ஆலோசனை கேளுங்கள்.

பழையபாதை | காலை 7.30

அம்மை வந்த வீட்டில் ஊசி மருந்து என்று பேசுவதே தவறு. மருந்து கொடுத்தால் அம்மை உள்ளே இறங்கிவிடும். எங்கள் தாத்தா காலத்தில் யார் ஐஜிஜி பார்த்தார்கள்? வேப்பிலை, மஞ்சள், இளநீர். பத்து நாளில் தானாக இறங்கும். கர்ப்பிணிக்கு வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்துக் காலையில் ஓர் உருண்டை கொடுங்கள், அண்டாது.

ஓய்வுச்செவிலி | காலை 7.45

ஐயா, உங்கள் தாத்தா காலத்தில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை தங்கின என்று உங்கள் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

மூன்று வயதுப் பிள்ளைக்குச் சின்னம்மை பெரும்பாலும் தானாக ஆறும், அதை நானும் மறுக்கவில்லை. பேச்சு தாயைப் பற்றியது. பெரியவர்களுக்கு, அதிலும் கர்ப்பிணிகளுக்கு, அது நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகலாம். உள்ளே இறங்குவது மருந்தால் நடப்பதில்லை ஐயா, மருந்து கொடுக்காமல் விட்டால் நடப்பது.

குருவிக்கூடு, அந்த உருண்டையைத் தொடாதீர்கள். கர்ப்பத்தில் வேப்பிலையை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. வாசலில் கட்டுங்கள், படுக்கையில் பரப்புங்கள், குளிக்கும் நீரில் போடுங்கள், ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கைக்குழந்தைகளுக்கு அதனால் வலிப்பும் நினைவிழப்பும் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

குருவிக்கூடு | காலை 8.20

ஆமாம் அம்மா, குழிந்த தழும்புதான். இத்தனை வருடம் அதை அம்மை ஊசி என்றே நம்பியிருந்தேன். உருண்டையை அத்தை அரைத்தே வைத்துவிட்டார், வாங்கி வைத்திருக்கிறேன், சாப்பிடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று நாளாக அவனைக் கட்டிக்கொண்டுதான் படுத்தேன். காய்ச்சல் என்று என் மேலேயே கிடந்தான். இப்போது பிரிந்து படுத்தால் பலன் உண்டா? கதவைத் தட்டி அழுகிறான்.

ஓய்வுச்செவிலி | காலை 8.35

புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே தொற்று தொடங்கிவிடும். அதனால் பட வேண்டியது பட்டாயிற்று, அதில் உங்கள் பிழை எதுவுமில்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஆள் ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றும். இனிப் பிரிந்து படுப்பதால் பெரிய மாற்றம் வராது. இரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை அவனைக் குளிப்பாட்டுவது, கொப்புளத்துக்கு மருந்து தடவுவது இரண்டையும் அத்தையிடம் விடுங்கள். அவருக்கு முன்பே வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி பிள்ளையை ஓட ஓட விரட்டாதீர்கள். நோய்க்காரப் பிள்ளை தாயைத் தேடாமல் யாரைத் தேடும்?

மாத்திரைப்பெட்டி (ஈரோடு, மருந்துக்கடை) | காலை 9.05

கடையில் உட்கார்ந்து தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். மாசி, பங்குனி வந்தால் கலமைன் லோஷன் தட்டில் நிற்காது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு அறவே கூடாது. சின்னம்மையோடு சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம். இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் கலந்த மருந்துகளும் வேண்டாம், தோலில் சீழ்த்தொற்று மோசமாகும் அபாயம் இருக்கிறது. போன காய்ச்சலுக்கு வாங்கிய பாட்டில் மிச்சம் இருந்தால் லேபிளைப் படியுங்கள். பல கலவை மருந்துகளில் பாராசிட்டமாலோடு மெஃபனமிக் ஒளிந்திருக்கும்.

அளவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சொட்டு மருந்துப் பாட்டிலில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் இரண்டு வகை: 5 மில்லியில் 120, அல்லது 5 மில்லியில் 250. சொட்டு மருந்தைச் சிரப் மூடியால் அளந்து ஐந்து மில்லி கொடுத்துவிட்டு ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எடைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளை என்றால் 150 மில்லிகிராம், அதாவது 250 சிரப்பில் 3 மில்லி. அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து. சாப்பாட்டுக் கரண்டியைத் தொடாதீர்கள், ஊசிக்குழாய் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இருமல் இருந்தால் கடையில் கேட்டு எதையும் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது இருமல் சிரப்பில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருளால். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதன் பிறகு என் கடையில் சீட்டு இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் இருமல் மருந்து கொடுப்பதில்லை. சண்டை போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், போகட்டும்.

இரட்டைச்சுழி (கோவை) | காலை 10.15

எனக்கு நடந்தது இதேதான், ஆனால் முடிவு வேறு. பெரியவள் பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்தாள். எனக்கு அப்போது ஆறாம் மாதம். பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தது. ஊசிக்காகக் கணவர் ஊர் முழுக்க மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார். அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். நாங்கள் போன முதல் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) "அம்மைதானே, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பெண் மருத்துவர் தானே நாலு இடத்துக்குப் போன் செய்து வரவழைத்தார்.

ஊசி போட்டும் எனக்கு லேசாக வந்தது, கை விரல்களால் எண்ணிவிடும் அளவு கொப்புளங்கள். முதல் கொப்புளம் தெரிந்த அன்றே அசைக்ளோவிர் என்ற கிருமி எதிர்ப்பு மருந்து தொடங்கினார்கள், 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் என்றார்கள். ஐந்து வாரம் கழித்து விரிவான ஸ்கேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இப்போது வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த மருத்துவர் எனக்குச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 20 வாரத்துக்குள் தாய்க்கு அம்மை வந்தாலும்கூடக் கருவிலிருக்கும் பிள்ளைக்குக் குறை ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு அளவுதான். வந்தாலே எல்லாம் போயிற்று என்று கூகுளில் படித்துவிட்டு அழாதீர்கள். நான் அப்படி அழுதவள்.

சமயபுரத்தாள்துணை (திருச்சி, வயது 64) | பகல் 12.40

என் மருமகள் இந்த இழையைக் காட்டினாள். நானும் ஒரு மாமியார்தான், அதனால் அந்த அத்தை பக்கமும் இரண்டு வார்த்தை.

வேப்பிலை கட்டுவது எதற்கு? அந்த வீட்டுக்கு யாரும் வரக்கூடாது, இந்த வீட்டிலிருந்து யாரும் போகக்கூடாது என்று ஊருக்கே தெரிவதற்கு. கொரோனாவில் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே, அதைவிட இது எவ்வளவோ மரியாதை. சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மனே பச்சைப்பட்டினி கிடக்கிறாள். அவளுக்குப் படைப்பது இளநீர், நீர்மோர், பானகம், துள்ளுமாவு. வெயில் காலத்தில் நோய்ப் பிள்ளைக்கு வாய் எரியாமல் இறங்குவதும் அவைதான்.

ஆனால் அம்மனைக் கும்பிடுவதற்கும் டாக்டரைப் பார்ப்பதற்கும் பகை இல்லை. என் மருமகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையும் கட்டினேன், ஆட்டோ பிடித்து டாக்டரிடமும் கூட்டிப்போனேன். "தாயே, ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறோம், கோபித்துக்கொள்ளாதே" என்று ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். குருவிக்கூடு, உன் அத்தையிடம் இதைப் படித்துக் காட்டு. நீ வாதம் செய்தால் கேட்கமாட்டார், என்னைப் போன்ற கிழவி சொன்னால் கேட்பார்.

பழையபாதை | பகல் 1.10

அம்மா சொல்வது சரி. ஆனாலும் பத்தியத்தை விடக்கூடாது. வீட்டில் தாளிக்கக்கூடாது, கறி மீன் கூடாது.

ஓய்வுச்செவிலி | பகல் 1.30

தாளிக்காவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கர்ப்பிணிக்குக் கஞ்சியும் மோரும் மட்டும் போதாது. பாசிப்பருப்பு, பால், கீரை, பழம் இருக்கட்டும். முட்டையை வேக வைத்தால் அத்தை கோபிப்பார் என்றால் சுண்டலாவது போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள், காப்பி டீயோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள்.

குருவிக்கூடு | மாலை 4.50

சமயபுரத்து அம்மாவுக்குக் கோடி நன்றி. படித்துக் காட்டினேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்துகொண்டு வந்து, "ஆட்டோவுக்குச் சொல்" என்றார். மருத்துவரிடம் போனில் சொல்லிவிட்டுப் போனோம், பின்பக்க வழியாக வரச்சொல்லி இரத்தம் எடுத்தார்கள். முடிவு நாளை. அத்தைக்குச் சின்ன வயதிலேயே வந்திருக்கிறதாம், முதுகில் வடு காட்டினார்.

தாளிப்பு வாசனை இல்லாததால் பல வாரம் கழித்து இன்றுதான் மதியச் சாப்பாடு வாந்தியாகாமல் உள்ளே தங்கியது. இதை அத்தையிடம் சொன்னால் பிரசவம் வரை தாளிக்க மாட்டார்.

குருவிக்கூடு | இரவு 11.20

பையனுக்கு அரிப்பு தாங்கவில்லை. எனக்கு முதுகு வலி, நெஞ்செரிச்சல், கூடவே பயம். மல்லாந்து படுக்கக்கூடாது என்று வேறு சொல்கிறார்கள். யாராவது விழித்திருக்கிறீர்களா?

லாரிக்காரன்மகன் (நாமக்கல்) | இரவு 11.35

விழித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, இரவுக் காவல் நான்தான். வெதுவெதுப்பான நீரில் வேப்பிலை போட்டு இரண்டு நிமிடம் ஊற்றி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முதல் தண்ணீர் ஊற்றும் வரை உடம்பில் நீர் ஊற்றக்கூடாது என்றால் ஈரத் துணியை விரித்துப் போட்டாலும் போதும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கைகளுக்குப் பழைய பருத்தி சாக்ஸ் மாட்டுங்கள். உடம்பில் பழைய வேட்டித் துணி, அவ்வளவுதான். சூட்டில் அரிப்பு கூடும், ஃபேன் ஓடட்டும். வேப்பங்கொத்தால் வருடிக்கொடுப்பார்களே, அது உண்மையிலேயே வேலை செய்கிறது, சொறிவதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு ஏதோ ஒன்று தோலில் படுகிறது. என் மகள் ஒரு கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்குவாள்.

கணவர் வந்துவிட்டார் அல்லவா? இன்று இரவு பிள்ளை அவர் பொறுப்பு. நீங்கள் போய்ப் படுங்கள். ஆனால் அவருக்கு முன்பு வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆண்களுக்கு வந்தாலும் மோசமாகத்தான் வரும்.

ஓய்வுச்செவிலி | இரவு 11.50

மல்லாந்து படுக்கக்கூடாது என்பது 28 வாரத்துக்குப் பிறகு. 17 வாரத்தில் உடம்புக்கு எது வசதியோ அப்படிப் படுங்கள். 28 வாரத்துக்குப் பிறகும்கூடத் தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் விழித்ததும் திரும்பிப் படுத்தால் சரி. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய புடவை. நெஞ்செரிச்சலுக்குத் தலைமாட்டை உயர்த்துங்கள், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். உட்கார்ந்தே பையனை மடியில் வாங்குங்கள், குனிந்து தூக்காதீர்கள். முதுகு வலி பாதி குறையும்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அதை நினைத்துக்கொண்டே கிடக்காதீர்கள். பையனுக்கு: இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாகி வீங்கினால், நடை தள்ளாடினால், எழுப்பினாலும் மயக்கமாகவே இருந்தால், மூச்சு வாங்கினால். உங்களுக்கு: கொப்புளம் ஒன்றே ஒன்று வந்தாலும் அன்றே போன். இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் போனெல்லாம் வேண்டாம், 108.

இரட்டைச்சுழி | இரவு 12.05

குருவிக்கூடு, இரண்டாவது பிள்ளை என்பதால் இந்த வாரங்களில் அசைவு தெரிய ஆரம்பிக்கலாம். வயிற்றுக்குள் குமிழி உடைவது போல இருக்கும், வாயுத்தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்தப் பயத்தின் நடுவே ஒரு நள்ளிரவில்தான் முதலில் தெரிந்தது. கணவரை எழுப்பினேன், "பசிக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குருவிக்கூடு | மறுநாள் மாலை 5.30

முடிவு வந்துவிட்டது. ஐஜிஜி இருக்கிறது! சின்ன வயதில் எனக்கு லேசாக வந்து, யாரும் கவனிக்காமல் போயிருக்கும் என்கிறார் மருத்துவர். ஊசி தேவையில்லை. அத்தை அம்மனுக்குத் துள்ளுமாவு இடிக்கிறார். பையன் இளநீர் வழுக்கையைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்கிறான். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நெசவுக்காரி | மாலை 5.40

அப்பாடா! பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் உன் பெயரில் ஒரு கும்பிடு.

புதுப்பொன்னி (பவானி) | மாலை 6.15

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம், இன்னும் உண்டாகவில்லை. எனக்கு அம்மை வந்ததில்லை என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். நான் இப்போதே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

மாத்திரைப்பெட்டி | மாலை 6.40

போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டிய நேரமும் இதுதான். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி, கர்ப்பத்தில் போடக்கூடாது. இரண்டு தவணை. ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஒரு மாதமாவது கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போங்கள். பிள்ளைகளுக்கு 15 மாதத்திலிருந்து போடலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. ஆனால் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்தக் காசு சின்னதல்ல. இதை அரசு அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று யாராவது குரல் கொடுத்தால் என் கையெழுத்து முதலில்.

குருவிக்கூடு | மாலை 7.00

கடைசியாக ஒன்று. என் நாத்தனாருக்கு இப்போது 37 வாரம். பிரசவத்துக்கு இங்கேதான் வருவதாக இருந்தது, அடுத்த வாரம் கூட்டிவரலாம் என்கிறார்கள். அவருக்கு அம்மை வந்ததா என்று தெரியாது. வரலாமா?

ஓய்வுச்செவிலி | மாலை 7.10

வரக்கூடாது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்கு அம்மை எழும்பினால், தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தி போய்ச் சேரும் முன்பே கிருமி பிள்ளைக்குப் போய்விடும். பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்து. பையனுக்குக் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை அவர் இந்த வாசல் பக்கம் வேண்டாம். பொருக்கு உதிரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் கணவருக்கு அம்மை வந்ததில்லை என்றால் இன்னும் மூன்று வாரம் கணக்கில் வையுங்கள், ஏனென்றால் அவருக்குத் தொற்றியிருந்தால் 10 முதல் 21 நாளுக்குள்தான் வெளியே தெரியும். அதற்குள் நாத்தனாருக்கு நாள் நெருங்கிவிடும். பிரசவத்தை அவர் வீட்டுப் பக்கமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவரையும் ஐஜிஜி பார்த்துவிடச் சொல்லுங்கள்.

குருவிக்கூடு | மாலை 7.25

கணவருக்கு ஏழாம் வகுப்பில் வந்ததாம், பரீட்சை எழுதாமல் பாஸ் போட்டார்களாம். இருந்தாலும் நாத்தனாரிடம் இப்போதே போனில் பேசுகிறேன். அத்தைதான் பேசுவேன் என்கிறார், போனைக் கொடுத்துவிட்டேன்.